நெட்சாய் பேசத் தொடங்கிய கதை

நெட்சாய் ஒரு வாயாடி என்று எங்கள் ஊர் ஸ்விஷவானேயில் யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்கள் கடந்த இரண்டு வருஷமாகத்தான் அவளைப் பார்க்கிறவர்கள். அதற்கு முந்தைய ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குத் தேறாது.

அவள் அப்பா கல்நார்ச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இருபது வயதில் நெட்சாய் தலையில் எனாமல் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு பேருந்து நிலையத்தில் அவித்த முட்டை விற்கப் போனாள். மற்ற பெண்கள் பேருந்தின் சன்னலைத் தட்டித் தட்டி ஊரைக் கூட்டுவார்கள். இவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும் என்று நிற்பாள். முட்டை விற்கிற லட்சணமா இது? புலவாயோ நகரத்துக்குப் பேருந்து ஓட்டிய ஃபனுவேல் ஜோவுவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து தலையை வெளியே நீட்டி அவரே கத்தினார்: "முட்டை, முட்டை! இந்தப் பொண்ணுகிட்ட வாங்குங்கய்யா, இது வாயைத் தொறக்காது!" மறுநாளும் கத்தினார். ஆறு மாதம் கத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்.

ஃபனுவேலைப் பற்றிச் சொல்ல ஒரே விஷயம்தான் உண்டு. அவர் ஓட்டுநர். இருபத்தொன்பது வருஷம் அதே தடத்தில் பேருந்து ஓட்டி, ஒரு கோழியைத் தவிர எந்த உயிருக்கும் கெடுதல் செய்யாதவர். கோழிக்கும் கையோடு ஈடு கொடுத்தார். பேருந்துக் கம்பெனியை இழுத்து மூடியபோது, ஜப்பானிலிருந்து வந்த ஒரு பழைய வேனை வாங்கினார். தேவாலயத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சாவு வீட்டுக்கு என்று ஊரே அந்த வேனில்தான் போய் வந்தது. வேறு யாரும் அந்த இருக்கையில் உட்கார்ந்தது கிடையாது. சொந்த மகள் பைதாமோயோ உரிமம் வாங்கிவந்து கெஞ்சியபோதுகூட, "வேற வண்டியில ஓட்டிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதக் காலையில் இருவரும் ஒரு துக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஃபனுவேல் சடக்கென்று வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், நடுரோட்டில் கிடந்ததைக் கைவீசி "ச்சூ, ச்சூ" என்று விரட்டினார். அது நகரவில்லை. கிட்டே போய்க் குனிந்தார். அது காலி சிமெண்டுச் சாக்கு. அவர் அங்கேயே சற்று நேரம் நின்றதையும், திரும்பியபோது அவர் முகம் இருந்த இருப்பையும் நெட்சாய் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"கன்னுக்குட்டி. போயிடுச்சு" என்றார் ஏறி உட்கார்ந்து.

"ஆமா, பாத்தேன்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரமே அவருடைய கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை, புலவாயோவுக்குப் போய் அறுவை செய்துகொள்ள வேண்டும். ஃபனுவேலின் அண்ணன் கண்ணை அறுத்துக்கொள்ளப் போய், இருந்த பார்வையும் போய் ஊன்றுகோலோடு திரும்பி வந்தவர். அந்தப் பயம் அவருக்கு என்று நெட்சாய்க்குத் தெரியும். கோட்டு காய்ந்ததும் சீட்டை இருந்த பையிலேயே வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அவள் வேனின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். "பாருங்களேன், இந்த மரத்தடிக் கடைக்காரன் ஆட்டை ரோட்டுலயே விட்டிருக்கான்." "அட, முன்னாடி போற லாரிக்குப் பின்விளக்கே இல்ல." "எந்த நேரம் வந்தாலும் இந்த இடத்துல சிக்னல் சிவப்புதான், நம்ம ராசி." ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வயதான காலத்தில் புருஷனை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்கிறாள், பேச்சும் நிற்க மாட்டேன் என்கிறது என்றார்கள். நெட்சாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, அவரும் சொல்லவில்லை. அவர் மனசு உடைந்துவிடக் கூடாது, அதுதான் அவளுக்கு. அது சரியா என்று கேட்டால், சரியில்லை. வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இப்படி ஓட்டுவது பாவம் என்று ஒவ்வொரு ஞாயிறும் மண்டியிட்டுச் சொல்லிக்கொள்வாள். திங்கட்கிழமை மறுபடி முன் இருக்கையில் ஏறிக்கொள்வாள்.

இந்தச் சமயத்தில்தான் ஜொஹானஸ்பர்க்கில் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் மகள் பைதா, ஆகஸ்ட் விடுமுறைக்குப் புதுப் புருஷனோடு வருவதாகப் போன் செய்தாள். எல்லோரும் வாங்கே காட்டுக்கு யானை பார்க்கப் போகிறோம், முகாமில் அறை எடுத்தாயிற்று என்றாள்.

"எதுக்கும்மா இந்தச் செலவு?" என்றாள் நெட்சாய்.

"அறுபத்தோரு வயசாகுது. யானை வம்சம், யானை வம்சம்னு மாரைத் தட்டிக்கறாரே, அப்பா ஒரு யானையையாவது பாத்திருக்காரா?"

பார்த்ததில்லை. எங்கள் பக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு குலவிலங்கு உண்டு. ஜோவு என்றால் யானை. ஃபனுவேல் சாப்பிட்டு முடித்தாலோ சம்பளம் கொண்டுவந்தாலோ நெட்சாய் கை குவித்துத் தட்டி, "சமன்யங்கா, தந்தங்களைக் காப்பவரே" என்றுதான் நன்றி சொல்வாள். யானையை நேரில் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் ஃபனுவேலின் அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நிற்க வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். கை தட்டி, முன்னோர் பெயர்களோடு குலப்புகழைச் சொல்ல வேண்டும். பிறகு அது முதலில் போக வேண்டும். பெரியவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாம் முதலில் கிளம்புவது ஜோவு வீட்டில் நடக்காத காரியம். அப்பா தன் வாழ்நாளில் மூன்று யானைகளை வணங்கியிருந்தார். ஃபனுவேலின் தடத்தில் கழுதைகள்தான் குறுக்கே வந்தன.

மாப்பிள்ளையின் பெயர் கிவ்மோர் ஷோக்கோ. குழாய் வேலை செய்கிறவன், அடக்கமான பையன். வந்த அன்றே தரையைப் பார்த்தபடி, "மாமா, தூரம் ஜாஸ்தி. வேணும்னா நான் ஓட்டறேன்" என்று சொல்லிப் பார்த்தான்.

"என் வண்டியில மாப்பிள்ளை ஓட்டி நான் பின்னாடி உக்காரணுமா? நான் செத்துட்டேன்னு ஊர் நினைச்சுக்கும்" என்றார் ஃபனுவேல். மாமனாரிடம் இரண்டாம் தடவை பேச எங்கள் மாப்பிள்ளைகளுக்கு வாய் கிடையாது. அவன் பைகளைத் தூக்கி வேனில் வைக்கப் போனான்.

புலவாயோ வரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நெட்சாய் முன்னால் உட்கார்ந்து, வாய் ஓயாமல் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். புலவாயோவில் ஃபனுவேலின் அக்கா எஸ்னாத் சேர்ந்துகொண்டாள். அப்பாவுடன் பிறந்த அத்தை இல்லாமல் எங்கள் வீடுகளில் எந்தக் காரியமும் நடக்காது. எஸ்னாத்தும் அதை யாரும் மறந்துவிட விட மாட்டாள். ஒரு பெரிய வாளி நிறைய தின்ன வறுத்த மோபேன் மரப் புழுக்களோடு வந்து, முன் கதவைத் திறந்து நின்றாள்.

"எறங்குடி நெட்சாய். பெரியவ வந்திருக்கேன், நீ முன்னாடி உக்காந்திருக்க?"

நெட்சாய் எழுந்திருக்கவில்லை. "எனக்குப் பின்னாடி உக்காந்தா தலை சுத்தும்க்கா."

"சுத்தட்டும். நான் இருக்கேன், பிடிச்சுக்கறேன்."

இறங்கத்தான் வேண்டியிருந்தது. ஃபனுவேல் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கை அதை இறுகப் பிடித்ததை நெட்சாய் பார்த்தாள். அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள், பக்கத்தில் பைதா. மாமியாரும் மருமகனும் ஒட்டி உட்காரும் வழக்கம் கிடையாது என்பதால் கிவ்மோர் கடைசி இருக்கையில் பைகளோடு பையாகக் கிடந்தான்.

அங்கிருந்து வாங்கே வரை அந்த முன்னூறு கிலோமீட்டரை நெட்சாய் எப்படிக் கடந்தாள் என்று அவளைக் கேட்டால் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவாள். ஃபனுவேலின் காதுக்கு அருகே தலையை நீட்டி, எஸ்னாத்தின் பேச்சுக்கு மேலே தன் பேச்சைப் போட்டாள். "கழுதை! எவ்ளோ கழுதை பாருங்க, இடது பக்கம்!"

"அடியே, நான் கழுதையையே பாத்ததில்லன்னு நினைச்சியா?" என்றாள் எஸ்னாத். "முப்பது வருஷமா இவ குரலே எனக்குத் தெரியாது. இப்ப பாரு, கழுதைக்கெல்லாம் கத்தறா. டேய் தம்பி, இவளுக்கு என்னத்தடா குடிக்கக் குடுக்குற?"

"வயசாகுதுல்லக்கா" என்றார் ஃபனுவேல். வண்டியின் வேகம் குறைந்து, கழுதைகளைத் தாண்டி, மறுபடி ஏறியது.

மறுநாள் காலையில் ஆறு மணிக்கே காட்டுக்குள் போனார்கள். ரோட்டோரமாக முதலில் வந்தது குரங்குக் கூட்டம், நாய்மூஞ்சிக் குரங்குகள். எஸ்னாத்துக்குப் பிறந்தநாள் வந்தது போல் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் குலப்பெயரான ஷோக்கோ என்றால் குரங்கு.

"மாப்பிள்ளே! உங்க வீட்டு ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க, எந்திரிங்க! அந்தச் செவத்த பின்பக்கத்தோட போறது யாரு, உங்க பெரியப்பாவா?"

"அவர் சித்தப்பா, அத்தை" என்றான் கிவ்மோர் பின்னாலிருந்து. "பெரியப்பாவுக்கு இன்னும் செவப்பு."

பைதா சிரித்துச் சிரித்து அம்மாவின் மடியில் சாய்ந்தாள். ஃபனுவேலும் சிரித்தார். நெட்சாய்க்கு அந்த ஒரு நிமிஷம் மனசு லேசாக இருந்தது. இப்படியே ஊர் திரும்பிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

நீர்க்குட்டையை ஒட்டிய மரமேடையில் ஏறியபோது எதிர்க்கரையில் யானைகள் நின்றன. நாற்பதுக்குக் குறையாது. பைதா அப்பாவின் தோளைப் பிடித்துக் காட்டினாள். ஃபனுவேல் குட்டையின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "ம்ம், பெரிய கூட்டந்தான்" என்றார். அவர் முகம் யானைகளுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா, தொப்பியைக் கழட்டல?" என்றாள் எஸ்னாத்.

"ரொம்பத் தள்ளி இருக்காங்கக்கா. தூரத்துல இருக்கற பெரியவங்களைக் கத்திக் கூப்பிடறது மரியாதையா?"

நெட்சாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுபத்தோரு வருஷம் காத்திருந்து, இத்தனை தூரம் வந்து, நாற்பது யானைகளுக்கு முன்னால் நின்று, அவர் பார்த்தது கலங்கலான வெளிச்சம் மட்டும். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது. அழவில்லை. எஸ்னாத் பக்கத்தில் இருந்தாள்.

மதியம் ஒரு மரத்தடி முகாமில் மக்காச்சோளக் களியும் கோழியும் சாப்பிட்டுவிட்டு, மூன்றரை மணிக்குத் திரும்பக் கிளம்பினார்கள். ஆறு மணிக்கு முகாமின் வாசலை அடைத்துவிடுவார்கள். அதற்குள் போகாவிட்டால் அபராதம், அதைவிடக் காவலாளியின் வாய். வளைந்து போகும் அந்த ரோட்டில் சில இடங்களில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. வண்டி ஊர்ந்தது.

ஐந்து மணி ஆக இருபது நிமிஷம் இருக்கும்போது ஃபனுவேல் பிரேக்கை மிதித்தார்.

"யாரும் மூச்சு விடாதீங்க" என்றார். "வலது பக்கம். நான்தான் முதல்ல பாத்தேன்."

எல்லோரும் வலது பக்கம் பார்த்தார்கள்.

வண்டியிலிருந்து இருபதடி தள்ளி ஒரு கறையான் புற்று இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு, நல்ல சாம்பல் நிறம். யானைகள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அதன் விலாப்புறம் மழுங்கி வழவழவென்று ஆகியிருந்தது. முன்பக்கம் ஒரு பட்ட மரக்கிளை வெள்ளையாகச் சாய்ந்து கிடந்தது. குறை சொல்ல முடியாது, அரைக்கண்ணுக்கு அது யானைதான்.

ஃபனுவேல் வண்டியை அணைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். சன்னல் பக்கம் முழுசாகத் திரும்பி, இரண்டு கைகளையும் சேர்த்து மெல்லத் தட்ட ஆரம்பித்தார்.

"சமன்யங்கா. தந்தங்களைக் காப்பவரே. நீர் நடந்த இடம் எங்களுக்குப் பாதை. நீர் தோண்டிய மணலில் எங்களுக்குத் தண்ணீர். தடேராவின் மகன் சிவாசா, சிவாசாவின் மகன் மோசஸ், மோசஸின் மகன் ஃபனுவேல் வந்திருக்கிறேன். நேரமாகிவிட்டது, மன்னியுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்."

கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"அம்மா..." என்றாள் பைதா. நெட்சாய் அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள், நகம் பதிகிற அளவுக்கு. கிவ்மோர் தன் காலணியைப் பார்த்தான். எஸ்னாத் புற்றைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். இதோ முடிந்தது என்று நெட்சாய் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது எஸ்னாத் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுதைகள், லாரிகள், சிக்னல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அந்த முகத்தில் விளங்கிக்கொண்டு வந்தன. பிறகு எஸ்னாத் தன் பெரிய கைகளைக் குவித்து, புற்றைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தாள்.

நெட்சாயும் தட்டினாள். பெண்டாட்டி சொல்ல வேண்டிய மிச்சத்தைச் சொன்னாள். பைதா அழுதுகொண்டே தட்டினாள். கிவ்மோரும் பின்னால் தட்டினான், மாப்பிள்ளை வேறென்ன செய்வான். கறையான் புற்று ஒன்றுக்கு அந்தக் காட்டில் அவ்வளவு மரியாதை அதற்கு முன்னாலும் நடந்திருக்காது, இனியும் நடக்காது.

புகழ் சொல்லி முடிந்தது. ஃபனுவேல் வண்டியை எடுக்கவில்லை.

"அப்பா, போலாமா?" என்றாள் பைதா.

"அவர் முதல்ல போகட்டும்."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவர் போக மாட்டார்.

ஐந்து மணி ஆனது. ஐந்து பத்து ஆனது. கிவ்மோர் தொண்டையைச் செருமினான். "மாமா, வாசல் அடைச்சுடுவாங்க..."

"யானைக்கு நேரம் சொல்றியா ஷோக்கோ? அவங்களுக்குத் தோணும்போது போவாங்க."

"என்ன பொறுமை பாரு" என்றாள் எஸ்னாத், எங்கோ பார்த்து. "நம்ம அப்பாவும் இப்படித்தான், உக்காந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்."

ஐந்து பதினைந்துக்கு ஒரு குரங்கு வந்தது. நல்ல தாட்டியான ஆண் குரங்கு. வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புற்றின் மேல் ஏறி, உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்குளைச் சொறிந்தது.

எஸ்னாத்தின் தோள் குலுங்க ஆரம்பித்தது. தோள்துணியை வாயில் திணித்துக்கொண்டாள். அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. பாவம், பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அவள் எதையும் அடக்கியதில்லை.

"ஐயோ, முடியலடா தம்பி" என்று வெடித்தாள். "உன் மாப்பிள்ளை வீட்டுக்காரன் நம்ம பெரியவர் தலைமேல ஏறி உக்காந்துட்டான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஃபனுவேல் சன்னல் வழியாக அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தபடியே இருந்தார். எந்தக் குரங்கும் யானைமேல் ஏறி உட்காராது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

"நெட்சாய்" என்றார் திரும்பாமல். "அவர் போயிட்டாரா?"

ஆமாம், போயிட்டார், வண்டியை எடுங்கள் என்று சொல்லிவிடலாம். அவர் எடுத்துவிடுவார். அதைத்தான் அவர் கேட்கிறார் என்றும் அவளுக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாகச் சொன்ன பொய்களோடு இன்னும் ஒன்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முகாமுக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டர். இருட்டும் நேரத்தில் யானைகள் தண்ணீருக்குக் குறுக்கே வரும் ரோடு. பக்கத்தில் மகளின் கை இன்னும் அவள் பிடிக்குள் இருந்தது. மாப்பிள்ளை முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு உயிரே போனது.

"அது போகாதுங்க" என்றாள். "அது புத்து."

அவர் தலையை ஆட்டினார். "எப்பத்திலிருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"அந்தச் சாக்குலேர்ந்து."

ஃபனுவேல் தொப்பியை எடுத்தார். அதன் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவி, தலையில் வைத்துக்கொண்டார். கோபப்படப் போகிறார் என்று நெட்சாய் நினைத்தாள். கோபப்பட்டாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. அவர் பின்னால் திரும்பி, கடைசி இருக்கை இருக்கும் திசையைப் பார்த்துப் பேசினார்.

"மாப்பிள்ளை, கேட்டுக்கோ. ரெண்டு வருஷமா இந்த வண்டிய ஓட்டறது உங்க மாமியார். நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கழுதைன்னா நான் குறைப்பேன், சிவப்புன்னா நிறுத்துவேன். இவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நான் சொல்லலை. சொன்னா இவ நிறுத்தச் சொல்லிடுவாளோன்னு பயம். ஒரு கீறல் இல்லாம என்னைக் காப்பாத்திட்டா. நான் பண்ணினது தப்பு." பிறகு நெட்சாயிடம், "வாய் வலிச்சிருக்குமே உனக்கு" என்றார்.

நெட்சாய் பைதாவின் கையை விட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷ அழுகை. எஸ்னாத் முன்னிருக்கையிலிருந்து கையை நீட்டி அவள் முழங்காலைத் தட்டித் தட்டிக் கொடுத்தாள்.

"நானும் ஒரு முட்டாள். இறங்குடின்னு சொன்னேனே உன்னை" என்றாள். "டேய் ஃபனு, கண்ணை அறுத்துக்க நானே கூட்டிட்டுப் போறேன், என் வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம். வரமாட்டேன்னு சொல்லிப்பாரு!"

"வரேன்க்கா" என்றார் அவர். அந்த வண்டியில் அன்று நடந்ததிலேயே பெரிய அதிசயம் அதுதான் என்று பைதா இப்போதும் சொல்கிறாள்.

காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அதனால் உள்ளேயே இடம் மாற வேண்டியிருந்தது. ஃபனுவேல் நடுவழியாகப் பின்னுக்கு நகர்ந்தார். கிவ்மோர் முன்னுக்கு ஏறி வந்தான். மருமகனின் துணி கூட மாமியாரின் மேல் படக் கூடாது என்பது முறை. வேனோ ஒரு முழ அகலம். நெட்சாய் சன்னலோடு சன்னலாக ஒட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கூரையைப் பிடித்துத் தொங்கியபடி, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பைதாவின் தலைமேலாகப் போய் முன்னிருக்கையில் விழுந்தான்.

"ஷோக்கோன்னா ஷோக்கோதான்" என்றாள் எஸ்னாத்.

பைதா நகர்ந்து இடம் விட, ஃபனுவேல் நெட்சாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு வண்டிக்குள் அவர் கை சும்மா இருந்ததை அவள் பார்த்ததில்லை. அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை. தொடைமேல் வைத்தார், எடுத்தார், கடைசியில் அவள் கையின் மேல் வைத்தார். கிவ்மோர் வண்டியை எடுத்தான். கியர் மாற்றும்போது ஒரு கரகரப்புச் சத்தம் கேட்டது. ஃபனுவேலின் முகம் சுருங்கியது.

நெட்சாய்க்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போய்விட்டது. ரோட்டில் பள்ளம் வந்தது, மான் வந்தது, அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏன் பேசாம வர்ற?" என்றார் ஃபனுவேல்.

"இப்ப எதுக்குங்க? அவனுக்குத்தான் கண்ணு தெரியுதே."

"அவனுக்குத் தெரியுது. எனக்கு?"

முகாமுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது கிவ்மோர் நிறுத்தினான். மணி ஆறு ஆக ஏழு நிமிஷம். மோபேன் மரங்களுக்குள் கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு அவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள்.

"வந்துட்டாங்களா?" என்றார் ஃபனுவேல். தொப்பி ஏற்கெனவே கையில் இருந்தது. "இது நிஜமா?"

"நிஜங்க. காது ஆடுது. முன்னாடி ஒரு பெரிய அம்மா, அவங்க பின்னாடி ஏழு, இல்ல எட்டு. சேறு பூசிக்கிட்டு வராங்க, இன்னும் காயல. நீங்க கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப நேரா இருக்காங்க."

அவர் அவள் திருப்பிய பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, கை தட்டி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை குரலை உயர்த்தவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல் சொன்னார். மோசஸின் மகன் ஃபனுவேல் வந்திருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு, "மோயோ குலத்து மகள் நெட்சாயும் வந்திருக்கிறாள்" என்று சேர்த்துக்கொண்டார். பெண்டாட்டியின் பெயரைக் குலப்புகழில் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எஸ்னாத் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

தூரத்தில் முகாமின் மணி அடித்தது. வாசலை அடைக்கிறார்கள்.

"போயிட்டாங்களா நெட்சாய்?"

"பெரியவங்க எல்லாரும் போயிட்டாங்க. ஒரு குட்டி மட்டும் நடுரோட்டுல நிக்குது."

"மாமா, ஓரமா போயிடலாம், இடம் இருக்கு" என்றான் கிவ்மோர்.

"நிக்கட்டும்பா" என்றார் ஃபனுவேல். அவள் பக்கம் சாய்ந்துகொண்டார். "எப்படி நிக்குது? நீ சொல்லு."

நெட்சாய் சொல்ல ஆரம்பித்தாள்.